பாதியில் திரும்பியவர் நெடுநடையை வேடிக்கையாக எழுதலாமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, அப்பலாச்சியன் பாதை என்ற மலைவழி நெடும்பாதையில் 41 நாள்கள் நடந்தீர்கள். ஏறத்தாழ 750 கிலோமீட்டர் கடந்த பிறகு, வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் என்ற சிற்றூரில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் வீடு திரும்பிவிட்டீர்கள். நண்பர்களிடம் வாயால் சொன்னபோது அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள் என்றும், அதையே 60 பக்கம் எழுதிக் கொடுத்தபோது “நிறையத் தகவல் இருக்கிறது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்தில் சிரிப்பு வருவதற்கு என்ன செய்ய வேண்டும், எவ்வளவு தூரம் மிகைப்படுத்தலாம் என்பவை நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட இரண்டு கேள்விகள். ஆனால் “முழுவதும் நடக்கவில்லை என்றாலும்” என்ற தொடர் உங்கள் கேள்வியில் மூன்று இடங்களில் வருகிறது. பாதையை முடிக்காதவனுக்கு அதைப் பற்றி எழுத, அதிலும் வேடிக்கையாக எழுத, உரிமை உண்டா என்பதே நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயண நூல்களின் கைப்பிரதிகளைத் திருத்துவது என் தொழில். நடையில் நான் மிகச் சாதாரணன். நீங்கள் நடந்த அதே பாதையின் முதல் 50 கிலோமீட்டரை நான்கு நாள்களில் கடந்து, நீல் கேப் என்ற கணவாயில் உள்ள கடையின் வாசலில் உட்கார்ந்து, அத்தோடு போதும் என்று முடிவெடுத்தவன். ஆகவே வாக்கியங்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். முழங்காலைப் பற்றி ஏதேனும் சொல்லிவிட்டால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதை ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்கிறது. ஒரே பயணமாக அதை முடித்துவிடும் எண்ணத்தோடு கிளம்புகிறவர்களில் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார் என்பது நடையர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியென்றால் பாதியில் திரும்புவதே அந்தப் பாதையின் பெரும்பான்மை அனுபவம்; நீங்கள் அந்தப் பெரும்பான்மையின் பிரதிநிதி. அந்தப் பாதையைப் பற்றி வந்த வேடிக்கை நூல்களில் மிகவும் புகழ்பெற்றது பயண எழுத்தாளர் பில் பிரைசன் 1998இல் வெளியிட்டது. அவர் நடந்தது பாதையின் ஏறத்தாழ 40 சதவீதம் மட்டுமே. அதை அவரே கணக்குப் போட்டு நூலிலேயே சொல்லிவிடுகிறார். அவருக்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவைக் கால்நடையாகச் சுற்றப் போவதாக அறிவித்துவிட்டு, கிடைத்த ரயிலில் எல்லாம் ஏறிக்கொள்வதையே மார்க் ட்வைன் 1880இல் ஒரு முழு நூலின் வேடிக்கையாக ஆக்கிவிட்டார். பாதையை 1921இல் முதன்முதலில் முன்மொழிந்த பென்டன் மெக்கை கூட அதை ஒரே மூச்சில் நடந்ததில்லை. முழுவதும் நடந்து தீர்த்த முதல் மனிதராகக் கருதப்படும் மைரன் ஏவரி பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக நடந்து 1936இல் முடித்தவர். கடற்சட்டம் படித்த வழக்கறிஞரான அவர், தூரத்தை அளப்பதற்காக ஒரு சைக்கிள் சக்கரத்தை மலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே போனார். பாதையை நினைத்தவரும் அளந்தவரும் பிற்பாடு முகம் கொடுத்துப் பேசாதவர்களாகிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

இந்த உதாரணங்களை அடுக்கியதற்குக் காரணம் உங்களுக்கு ஆறுதல் சொல்வதன்று. நெடுநடையைப் பற்றிய சிரிப்பு, கிளம்புமுன் போட்ட திட்டத்துக்கும் கால் போட்ட கணக்குக்கும் இடையில் உள்ள தூரத்திலிருந்து பிறக்கிறது. முழுவதும் நடந்து முடித்தவரிடம் அந்தத் தூரம் குறைவு. கடைசி நாளில் மலையுச்சியில் நின்று எடுத்துக்கொண்ட படம் அவருடைய கதையின் எல்லா அசட்டுத்தனங்களையும் பின்னோக்கிச் சென்று நியாயப்படுத்திவிடும். வாசகரும் எழுந்து நின்று கைதட்டத் தயாராகிவிடுவார், கைதட்டுகிறவர் சிரிப்பதில்லை. உங்களிடம் அந்தப் படம் இல்லை. அதைக் குறையாக எண்ணி, முன்னுரையில் இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும். முடிவு தெரிந்த பிறகு வாசகர் “முடிப்பாரா, மாட்டாரா” என்ற பதைப்பின்றி, நீங்கள் எப்படித் தோற்றீர்கள் என்பதை நிம்மதியாக ரசிப்பார்.

இனி, வாயால் சொன்னது ஏன் எழுத்தில் செத்துப்போனது என்பது. பேசும்போது உங்கள் முகம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதோடு, நண்பர்களிடம் நீங்கள் 41 நாளையும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சுவையான நான்கைந்து நிகழ்ச்சிகளை எடுத்து, நடுவில் இருந்ததை “அப்புறம் ஒரு நாள்” என்ற சொல்லால் தாண்டியிருப்பீர்கள். எழுத உட்கார்ந்ததும் நாட்குறிப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதல் நாள் காலை ஆறு மணியிலிருந்து தொடங்கிவிடுகிறோம். என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நெடுநடையில் ஒரு நாள் அடுத்த நாளைப் போலவே இருக்கும்: எழுவது, மடிப்பது, நடப்பது, தின்பது, விரிப்பது, படுப்பது. போதாக்குறைக்கு, அந்தப் பாதையின் பெரும்பகுதி அடர்ந்த காட்டுக்குள் போகிறது. நடையர்கள் அதற்குப் பச்சைச் சுரங்கம் என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் பார்க்கக் கிடைப்பவை மரங்களும், மரங்களில் ஐந்து சென்டிமீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் தீட்டிய வெள்ளைப் பட்டைகளும்தான். வருணிப்பதற்குக் காட்சி இல்லாத இடத்தில் நாள்வாரியாக எழுதினால் வருகைப் பதிவேடுதான் கிடைக்கும். பத்து நாளை ஒரு பத்தியில் தாண்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்று பக்கம் கொடுங்கள். எந்த ஒரு மணி நேரம் என்பதை நண்பர்கள் ஏற்கெனவே சிரித்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மூன்று பக்கத்துக்குள் எதை வைப்பது என்று கேட்டால், எண்களை வையுங்கள் என்பேன். ஆனால் எண்களில் இரண்டு வகை உண்டு. பாதை முழுவதும் ஏறும் உயரத்தைக் கூட்டினால் எவரெஸ்டில் 16 முறை ஏறியதற்குச் சமம் என்று ஒரு புள்ளிவிவரம் எல்லாரும் சொல்வது. உங்கள் கைப்பிரதியிலும் நிச்சயம் இருக்கும். அது நடப்பவரைப் பெரிதாக்கிக் காட்டும் எண்; வாசகர் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். பென்சில்வேனியாவில் பைன் குரோவ் ஃபர்னஸ் என்ற பூங்கா பாதையின் நடுப்புள்ளிக்கு அருகில் இருக்கிறது. அங்குள்ள கடையில், பாதி தூரம் வந்த கொண்டாட்டமாக, ஒரே இருப்பில் அரை காலன் ஐஸ்கிரீமைத் தின்று முடிப்பது நடையர்களின் மரபு. அரை காலன் என்றால் ஏறத்தாழ 1.9 லிட்டர். இது நடப்பவரைச் சிறிதாக்கிக் காட்டும் எண். 1,700 கிலோமீட்டருக்கு மேல் காட்டில் நடந்து, இயற்கையோடு ஒன்றி, ஆன்மா கழுவப்பட்ட ஒரு மனிதர், முடிவில் ஒரு மரக்கரண்டியோடு உட்கார்ந்து உருகுவதற்கு முன் முடித்துவிடப் போராடுகிறார். இங்கே எழுதுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, “1.9 லிட்டர்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆச்சரியக்குறி போட்டால் கெட்டுவிடும்.

மூட்டையின் எடையும் அப்படித்தான். அண்மையில் நான் திருத்திய ஒரு கைப்பிரதியில் “என் முதுகுப்பை யானைக்குட்டியைப் போலக் கனத்தது, நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பாக வருகிறது” என்றிருந்தது. யானைக்குட்டியை யாரும் சுமந்ததில்லை. எழுதியவருக்கு இன்றும் சிரிப்பு வருகிறது என்பதால் வாசகருக்கு வந்துவிடாது. மூட்டையில் என்னென்ன இருந்தன என்று அவரிடம் பட்டியல் கேட்டேன். திருத்திய பிறகு அந்த இடம் இப்படி ஆயிற்று: “என் முதுகுப்பை 21 கிலோ. அதில் ஒரு கிலோ 100 கிராம், வழியில் காணப்போகும் பறவைகளை அடையாளம் காண்பதற்காக எடுத்து வந்த புத்தகம். முதல் நான்கு நாள்களில் நான் கண்டது என் காலணிகளின் முனைகளை.” ஒரு சொல்லும் பொய்யில்லை. 1878இல் ஒரு கழுதையோடு பிரான்சின் செவென் மலைப்பகுதியில் 12 நாள் நடந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். கழுதையை 65 ஃபிராங்குக்கும் ஒரு கோப்பை பிராந்திக்கும் வாங்கினார் என்பதையும், சேணத்தையும் சேர்த்து 35 ஃபிராங்குக்கு விற்றார் என்பதையும் அந்த நடையைப் பற்றிய நூலில் அவர் மறைக்கவில்லை. வியாபாரத்தில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அவர் வாயால் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. அதே நூலில் அவர் அந்தக் கழுதையைக் குச்சியால் குத்தி ஓட்டும் பக்கங்கள் இன்றைய வாசகருக்கு அவ்வளவாகச் சிரிப்பைத் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேடிக்கை, பாலைப் போல, வைத்திருந்தால் புளிக்கும். எது எப்போது புளிக்கும் என்று எழுதும்போது கணிப்பது கடினம்.

நான் என் நான்கு நாள் நடையைப் பற்றி எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன். பாதை நெடுகிலும் ஷெல்டர் எனப்படும் கொட்டகைகள் உண்டு, மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு. உத்தரத்திலிருந்து கயிறுகள் தொங்கும்; ஒவ்வொரு கயிற்றின் நடுவிலும் ஒரு காலித் தகரடப்பா கவிழ்த்துக் கோக்கப்பட்டிருக்கும்; நுனியில் ஒரு குச்சி. அந்தக் குச்சியில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டால், கயிறு வழியாக இறங்கும் எலி டப்பாவில் சறுக்கி விழும் என்பது ஏற்பாடு. இரண்டாம் இரவு நானும் அப்படியே மாட்டினேன். காற்சட்டைப் பையில் மிச்சமிருந்த பாதி பிஸ்கட்டை மறந்துவிட்டேன். அந்தக் காற்சட்டையைச் சுருட்டித் தலையணையாக வைத்துக்கொண்டேன். நள்ளிரவில் என் காதருகே எதையோ கிழிக்கும் ஓசை. முன்பின் அறியாத ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருந்த அந்த இருட்டில், யாரையும் பயமுறுத்தக் கூடாது என்ற பண்போடு, “கரடி” என்று மெல்லிய குரலில் அறிவித்தேன். பக்கத்தில் படுத்திருந்த முதியவர் கண்ணைத் திறக்காமலேயே, “சுண்டெலி. இருபது கிராம் இருக்கும்” என்றார். அந்தப் பாதையில் நடப்பவர்களுக்கு ஒரு நடைப்பெயர் வைப்பது வழக்கம். பெரும்பாலும் அடுத்தவர்கள் வைப்பது, அதிலும் ஏதாவது ஒரு சறுக்கலையொட்டி வைப்பது. மறுநாள் காலையிலிருந்து நீல் கேப் வரை என் பெயர் கரடி.

இதை முதலில் எழுதியபோது மூன்று பக்கம் வந்தது. காட்டிருட்டு, மரங்களின் பெருமூச்சு, உயிர்ப்பயம், இறப்பைப் பற்றிய ஒரு சிந்தனை எல்லாம் இருந்தன. பிறகு பார்த்தால் அந்த நிகழ்ச்சியைத் தாங்கி நின்றவை இரண்டு சொற்கள்தான்: “இருபது கிராம்.” அவற்றை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒருவர் சொன்னார். அடுத்தவர் வாயிலிருந்து வந்ததைச் சொன்னபடியே அன்றைக்கே குறித்துக்கொள்வது, எழுதுகிறவர் பாதையில் இருக்கும்போது செய்ய வேண்டிய ஒரே எழுத்து வேலை என்று கருதுகிறேன். காட்சிகள் நினைவில் தங்கும். சொற்கள் இரண்டாம் நாளே நம்முடைய நடைக்கு மாறி, சப்பென்று ஆகிவிடும்.

மிகைப்படுத்தலுக்கு வருகிறேன். இதில் தொழில் செய்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நான் சொல்வது என் நிலைப்பாடு. மிகை என்று வாசகருக்குத் தெரிகிற மிகைக்கு எல்லையே கிடையாது. ட்வைன் ஜெர்மனியில் ஒரு விடுதியின் இருட்டறையில், தூங்குகிற தோழரை எழுப்பாமல், தொலைந்த ஒரு காலுறையைத் தேடித் தடவித் திரிகிறார். கடைசியில் விளக்கு வந்ததும் தம் நடையளவியைப் பார்க்கிறார், அது 47 மைல் காட்டுகிறது. இதைப் பொய் என்று எவரும் குற்றஞ்சாட்டப் போவதில்லை. அந்த எண்ணே கண்ணடிக்கிறது. ஆனால் வராத கரடியை வந்ததாக எழுதுவது வேறு. வாசகர் அதை நம்புவார், நம்பியதால்தான் பயப்படுவார், பயந்ததால்தான் பிறகு சிரிப்பார். அந்தச் சிரிப்பு திருடிய சிரிப்பு. நகைப்புக்காக நேரத்தைச் சுருக்குவது, இரண்டு மழை நாளை ஒன்றாக்குவது, ஒரே மனிதர் மூன்று முறை சொன்னதை ஒரு முறையாகச் சேர்ப்பது ஆகியவற்றை நான் அனுமதிப்பேன். என்னைவிடக் கண்டிப்பான பதிப்பாசிரியர்கள் அதையும் அனுமதிக்க மாட்டார்கள். அவர்கள் தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. பயண நூலை வாசகர் வழிகாட்டியாகவும் எடுத்துக்கொள்வார். அது வேடிக்கை நூல் என்பதால் எடுத்துக்கொள்ளாமல் விடமாட்டார். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று துள்ளலாக எழுதினால், அடுத்த ஆண்டு ஒருவர் அதையே செய்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குள் மூன்று நாள் இருப்பார். கரடிக்கு மிச்சச் சாப்பாட்டைக் காட்டிப் படம் எடுத்ததை நகைச்சுவையாக எழுதினால் அதைவிட மோசம்: மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி தங்குமிடங்களை விடாமல் தேடி வரும், அப்படிப் பழகிவிட்ட கரடியைக் கடைசியில் வனத்துறையினர் கொல்ல வேண்டியதாகிவிடுவது உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் அசட்டுத்தனத்தைத் தாராளமாக எழுதுங்கள், கூடவே அது அசட்டுத்தனம்தான் என்பது ஐயமின்றி விளங்கும்படியும் எழுதுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதையும் நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நடைத்துணைவரைப் பற்றிக் கேள்வியிலேயே இரண்டு குத்தல்கள் இருக்கின்றன. துணைவர் இல்லாத நடைவேடிக்கை அபூர்வம். தனியாளுக்குச் சண்டை போட ஆள் கிடையாது. ட்வைன் நூலில் வரும் ஹாரிஸ், அவருடைய நண்பரான ஜோசப் ட்விச்செல் என்ற பாதிரியாரை மாதிரியாகக் கொண்டு பெயர் மாற்றி உருவாக்கப்பட்டவர். பிரைசனின் துணைவரும் நூலில் மாற்றுப்பெயரில்தான் வருகிறார். பெயரை மாற்றினாலும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். துணைவரைக் கேலி செய்யும் ஒவ்வொரு பக்கத்துக்கும் உங்களைக் கேலி செய்வது இரண்டு பக்கமாவது வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் குத்துமதிப்பான கணக்கு. அச்சுக்குப் போகுமுன் அவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டுமா என்றால், கொடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், நட்பு வேண்டுமென்றால். ஆனால் அந்த மலையூர்களில் வாழும் மக்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்குக்கே இடமில்லை. அப்பலாச்சிய மலைவாசிகளைப் படிப்பற்றவர்களாகவும் முரடர்களாகவும் காட்டும் நகைச்சுவை அமெரிக்காவில் நூறாண்டுக்கும் மேலாக அரைத்த மாவு. அந்த ஊர்க்காரர்கள்தான் முன்பின் தெரியாத, குளித்து ஒரு வாரமான உங்களைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குக் கொண்டுபோய் விட்டவர்கள். அந்த வண்டிக்குள் சிரிப்புக்குரிய பொருள் உங்கள் வாடை.

வலியைப் பற்றிய சிரிப்பு இன்னும் நுட்பமானது. கொப்புளத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், கழன்று விழுந்த கால்நகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955இல், தம் 67ஆம் வயதில், கான்வாஸ் காலணி அணிந்து, கூடாரத்துக்குப் பதிலாக ஒரு குளியலறைத் திரையை எடுத்துக்கொண்டு, தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுப்பாதையையும் நடந்து முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு முயன்றபோது மேய்ன் காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பியவர். இந்தக் கதையை எல்லாரும் செல்லமாக, வேடிக்கையாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவர் 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் என்பதும், கணவனிடம் பல ஆண்டுகள் கொடுமையான அடி வாங்கியவர் என்பதும் தெரிந்த பிறகு அந்தக் குளியலறைத் திரை எனக்கு முன்போல் சிரிப்பாகத் தெரியவில்லை. அதற்காக வேடிக்கையை நீக்கிவிட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கும் கை சிலருக்கு வாய்க்கிறது. கற்பித்து வருமா என்று கேட்டால், நான் கற்பிக்க முயன்று தோற்ற சந்தர்ப்பங்களே அதிகம்.

அதே காரணத்தால் சிரிப்பில்லாத பக்கங்களுக்கும் கைப்பிரதியில் இடம் விடுங்கள். வாசகர் மூச்சு வாங்க வேண்டும். நீங்கள் நடந்த அந்தக் காடு ஒரு காலத்தில் அமெரிக்கக் கஷ்கொட்டை மரங்களால் நிறைந்திருந்தது. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அவற்றை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிட்டது. மாண்ட மரங்கள் 300 கோடிக்கு மேல் என்பது வழக்கமான மதிப்பீடு. வேர்கள் மட்டும் இன்னும் சாகவில்லை. பழைய வேரிலிருந்து துளிர் கிளம்பி, சில ஆண்டு வளர்ந்து, பட்டையில் அதே நோய் கண்டு மடிந்து, மீண்டும் துளிர்க்கிறது. பாதையோரத்தில் இடுப்பளவு உயரத்தில், ஓரம் ரம்பம் போலப் பல்வெட்டிய நீண்ட இலைகளோடு நின்ற அந்தக் கன்றுகளை நீங்கள் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். அதை எழுதும்போது வேடிக்கை செய்யாதீர்கள், சோகமும் பூசாதீர்கள்; பார்த்ததைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் உங்கள் துணைவரோடு சண்டையைத் தொடருங்கள்.

உடனே எழுதுவதா, ஆறப்போட்டு எழுதுவதா என்பதில் எனக்கு விதி எதுவும் இல்லை. வீடு திரும்பிய மாதத்திலேயே எழுதிய நல்ல பிரதிகளையும், 15 ஆண்டு கழித்து எழுதிய நல்ல பிரதிகளையும் திருத்தியிருக்கிறேன். கோபம் தீராமல் எழுதியவை மட்டும் ஒன்றுகூடத் தேறவில்லை. உங்கள் முழங்கால் மீது உங்களுக்கு இன்னும் கோபம் இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி வருகிறது. இரவில் கூடாரத்துக்கு முன் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பதற்காக ஒரு மடக்கு நாற்காலியைச் சுமந்து போனீர்கள்; ஒரு முறைகூட உட்காராமல் நான்காம் நாள் நீல் கேப் கடையிலிருந்து அதை வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டீர்கள்; 37 நாள் கழித்து நீங்கள் நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது உங்கள் தந்தையார் அதில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்; எழுந்திருங்கள் என்று சொல்ல உங்களுக்கு நா எழவில்லை. அது பாதையில் நடந்ததில்லை என்பதால் 60 பக்கத்தில் எங்கும் சேர்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்காலியின் எடை எத்தனை கிராம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.